தொடக்க ஐவர்

வெலிங்டன்
26 அக்டோபர் 2025

அன்புத் தங்கை தாரிணிக்கு அண்ணன் சுரேந்திரன் எழுதுவது.

இங்கே ஊட்டிப் பக்கம் மழை விட்டபாடில்லை. அதைத் தவிர எனக்கு ஒரு குறையும் இல்லை. நெல்லியாளத்தில் அம்மாவும் அப்பாவும் சுகம். விடுதிச் சோறு உனக்கு ஒத்துக்கொள்கிறதா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா என்று அம்மா கேட்கச் சொன்னாள். ஞாயிற்றுக்கிழமைப் பத்து நிமிடப் போனில் அவளே கேட்டிருப்பாள். இருந்தாலும் எழுதச் சொன்னாள், எழுதிவிட்டேன்.

உங்கள் விடுதியில் போனைப் பிடுங்கிப் பூட்டிவைத்துவிட்டதால், அமெரிக்கக் கூடைப்பந்தில் யார் யார் இறங்குகிறார்கள் என்பதை ஆள் வைத்துத் தெரிந்துகொள்ளும் நிலைமை உனக்கு வந்துவிட்டது. அந்த ஆள் நான்தான். புதிய சீசன் போன புதன் விடிகாலை நம் நேரத்துக்குத் தொடங்கியது. ராணுவ ஸ்டோருக்கு வேலைக்குப் போகும் முன் போர்வைக்குள் இருந்தபடி போனில் பார்த்தேன். சாம்பியன் ஓக்லஹோமாவும் ஹூஸ்டனும். ஓக்லஹோமாவில் அதே ஷாய், டோர்ட், ஹோல்ம்கிரன். ஜேலன் வில்லியம்ஸ் மட்டும் மணிக்கட்டு அறுவைசிகிச்சை முடிந்து இன்னும் இறங்கவில்லை.

நான் சொல்ல வந்தது ஹூஸ்டன் முதலில் இறக்கிய ஐந்து பேரைப் பற்றி. அவர்களுடைய பாயிண்ட் கார்ட் வான்வ்லீட்டுக்கு முழங்கால் தசைநார் கிழிந்துவிட்டது. அவன் இடத்தில் இன்னொரு குள்ளனைத் தேடாமல் தாம்ப்சன், டுராண்ட், ஸ்மித், ஷெங்குன், ஆடம்ஸ் என்று ஐந்து பனைமரங்களை நட்டுவிட்டார்கள். சாம்பியனை இரண்டு கூடுதல் நேரம் வரை இழுத்து, ஒரே புள்ளியில்தான் தோற்றார்கள். ஆக, பந்தைத் தட்டிக்கொண்டு போய் எல்லோருக்கும் வழி சொல்லும் ஆள் இல்லாமலும் ஒரு டீம் நடக்கும் என்று தெரிகிறது. உன் பிழைப்பில் மண் விழுந்துவிட்டது பாப்பா.

கோபம் வந்தால் பதில் எழுது. வராவிட்டாலும் எழுது. மண்டலப் போட்டி எப்போது?

உன் அண்ணன்
சுரேந்திரன்


வெண்முகில் பெண்கள் விளையாட்டு விடுதி
4 நவம்பர் 2025

அன்புள்ள அண்ணாவுக்குத் தாரிணி வணக்கத்துடன் எழுதுவது.

எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை. இங்கே கீழே இன்னும் வெயில்தான். எண்ணெய் வைக்கிறேன் என்று அம்மாவிடம் சொல்லுங்கள். உங்களுக்கு இருமல் நின்றதா?

கோபம் வந்தது. ஒரு புள்ளியில் தோற்றார்கள் என்று நீங்களே எழுதிவிட்டு, ஆள் தேவையில்லை என்றும் நீங்களே எழுதுகிறீர்கள். அந்த ஒரு புள்ளி எங்கே போனது? பந்தை நிதானமாகக் கொண்டுவந்து, யாருக்குக் கொடுக்கலாம் என்று பார்க்க ஒருவன் இருந்திருந்தால் அது வந்திருக்கும். ஐந்து பனைமரம் நட்டால் தோப்புத்தான் ஆகும், டீம் ஆகாது. இதை நீங்கள் உங்களோடு ஞாயிற்றுக்கிழமை பந்து ஆடும் கோஷ்டியிடம் படித்துக் காட்ட வேண்டும். உங்கள் கோஷ்டியில் ஐந்து பேரும் கூடைக்குக் கீழே நின்று கையைத் தூக்குகிறவர்கள்தானே.

எங்கள் ஐந்தைக் கேளுங்கள். நான், கோகிலவாணி, சங்கவி, தூத்துக்குடிப் பக்கத்து இசக்கியம்மா, நம் கூடலூர் ஃபிசா. ஃபிசா ஆறடி. வாசலில் குனிந்துதான் வருவாள். இசக்கி பந்துக்காக யாரையும் முட்டித் தள்ளுவாள், பிறகு போய்த் தூக்கிவிடுவாள். இவர்களுக்கு நான் பந்து கொடுக்கிறேன். உங்கள் ஹூஸ்டனைக் கூட்டி வாருங்கள், பார்க்கலாம்.

எங்கள் கோச் சசிதரன் சார் இந்த வருடம் மாநிலக் கோப்பை வந்தே தீரவேண்டும் என்கிறார். விடுதியை நடத்தும் அறக்கட்டளைக்காரர்களும் வந்து பார்த்துவிட்டுப் போனார்கள். மாநிலத்தில் ஆடினால் கிடைக்கும் சான்றிதழ் இருந்தால் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டில் இடம் கிடைக்கும். மண்டலப் போட்டி அடுத்த வாரம்.

அப்பாவின் நைட் ஷிப்ட் மாறியதா என்று எழுதுங்கள். எல்லோரையும் கேட்டதாகச் சொல்லுங்கள்.

தங்கள் தங்கை
தாரிணி


வெலிங்டன்
16 நவம்பர் 2025

பாப்பாவுக்கு,

இருமல் போய்விட்டது. குளிர் வந்துவிட்டது. அப்பாவுக்கு டே ஷிப்ட் கிடைத்துவிட்டது. பாதி எஸ்டேட்டுக்கு அதைச் சொல்லி முடித்துவிட்டார்.

மண்டலத்தில் கோப்பை உங்களுக்குத்தான் என்று அம்மா போனில் சொன்னாள். "என்னமோ ஜெயிச்சிட்டோம்னு சொன்னா, அப்புறம் களைப்பா இருக்குன்னு வெச்சிட்டா" என்றாள். நீ எனக்கு ஒரு வரிகூட எழுதவில்லை. ஜெயித்தவர்கள் எழுத வேண்டும். தோற்றவர்களுக்குத்தான் மௌனம் அழகு.

போன கடிதத்தில் நீ சொன்னது சரி என்று ஒத்துக்கொள்கிறேன். போன ஜூனில் இறுதிப்போட்டியின் ஏழாவது ஆட்டம் வரை போன இந்தியானாவைப் பார். ஹாலிபர்ட்டனுக்குக் குதிகால் நரம்பு அறுந்தபின், மீதி நாலில் மூன்று பேர் இருந்தும் இப்போது தோல்வி மேல் தோல்வி. வழி சொல்லுகிறவன் போனதும் வண்டி நின்றுவிட்டது. பாஸ்டனிலும் டேட்டம் இல்லாமல் தடுமாறுகிறார்கள்.

ஆனால் ஆள் என்றால் ஜேலன் வில்லியம்ஸ்தான். மணிக்கட்டில் தசைநார் கிழிந்திருந்தது. வெளியே மூச்சு விடாமல், ஊசி மேல் ஊசி போட்டுக்கொண்டு இறுதிப்போட்டி வரை ஆடினான். அதில் ஓர் ஆட்டத்தில் நாற்பது புள்ளி. கோப்பையை வாங்கிய பிறகுதான் அறுவைசிகிச்சை. எங்கள் கோஷ்டியில் எல்லோரும் அவனைத்தான் பேசுகிறார்கள். வலிக்கிறது என்று உட்காருகிறவனுக்கும் அவனுக்கும் அதுதான் வித்தியாசம். நீயும் அப்படி ஆட வேண்டும்.

உன் ஐந்து பேரும் எப்படி ஆடினார்கள், நீ எத்தனை புள்ளி, எல்லாம் விவரமாக எழுது. காத்திருக்கிறேன்.

அண்ணன்


வெண்முகில் விடுதி
9 டிசம்பர் 2025

அண்ணாவுக்கு,

தாமதத்துக்கு மன்னிக்கவும். அரையாண்டுப் பரீட்சை. நான் சுகம்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். மூன்று முறையும் எரிச்சல்தான் வந்தது.

ஜேலன் வில்லியம்ஸுக்கு ஊசி போட்டது யார் என்று நீங்கள் எழுதவில்லை. ஒரு டாக்டர் போட்டிருப்பார். கையில் என்ன கிழிந்திருக்கிறது, இதோடு ஆடினால் என்ன ஆகும் என்று படம் எடுத்துக் காட்டியிருப்பார்கள். ஆடுகிறேன் என்று அவன் சொல்லியிருப்பான். முடிந்ததும் நல்ல ஆஸ்பத்திரியில் சரிசெய்தார்கள். அவன் இடம் அவனுக்காகக் காத்திருக்கிறது. இதெல்லாம் இருக்கிறவன் ஊசி போட்டுக்கொண்டால் அது வீரம்தான். இது எதுவும் இல்லாத இடத்திலும் அதையே வீரம் என்று சொல்வார்களா?

வலிக்கிறது என்று உட்காருகிறவனை ஏன் கேவலமாக எழுதினீர்கள்? ஒருவன் முடியவில்லை என்று சொன்னால் அதை நம்ப வேண்டியது யார்? கூடைக்குக் கீழே நின்று கை தட்டுகிறவர்களுக்கு அவன் முட்டியைப் பற்றி என்ன தெரியும்?

ஹாலிபர்ட்டன் போனதால் இந்தியானா தோற்கிறது என்கிறீர்கள். அந்த டீம் அவனை வீட்டுக்கு அனுப்பிவிட்டதா? கால் சரியாகட்டும் என்று வைத்துக்கொண்டிருக்கிறதே, அதை ஏன் எழுதவில்லை?

உங்கள் கோஷ்டி என்ன வேண்டுமானாலும் பேசட்டும். நீங்கள் பேசக்கூடாது.

அம்மாவுக்கு இதைப் படித்துக் காட்ட வேண்டாம். குளிரில் காதை மூடிக்கொண்டு வேலைக்குப் போங்கள்.

தாரிணி


வெலிங்டன்
15 டிசம்பர் 2025

தாரிணிக்கு,

காதை மூடிக்கொண்டுதான் போகிறேன். அது இருக்கட்டும்.

நான் மணிக்கட்டைப் பற்றி எழுதினேன். நீ முட்டியைப் பற்றி எழுதியிருக்கிறாய்.

மண்டலப் போட்டியைப் பற்றி இரண்டு கடிதமாகக் கேட்கிறேன். பதில் இல்லை. உன் ஐந்து பேரைப் பற்றியும் ஒரு வார்த்தை இல்லை. ஹூஸ்டனைத் திட்ட ஒரு பக்கம் எழுதுகிறவள், தான் ஜெயித்த கோப்பையைப் பற்றி எழுத மாட்டாளா? நீ ஐந்தில் இருக்கிறாயா, இல்லையா? யாராவது உன்னை எடுத்துவிட்டு வேண்டியவர்கள் வீட்டுப் பெண்ணைப் போட்டுவிட்டார்களா? அப்படியிருந்தால் சொல். நான் வந்து கேட்கிறேன். நாம் எஸ்டேட்காரர்கள், கேட்க ஆள் இல்லை என்று எவனாவது நினைத்தால் அந்த நினைப்பை மாற்றிவிட்டுத்தான் திரும்புவேன்.

ஒரே வரி போதும். உடனே எழுது.

சுரேந்திரன்


வெண்முகில் விடுதி
28 டிசம்பர் 2025

மரியாதைக்குரிய சுரேந்திரன் அண்ணனுக்கு ஸலாம்.

என்னை நீங்கள் பார்த்ததில்லை. நான் கூடலூர் ஃபிசா. தாரிணியின் கட்டிலுக்கு மேல் கட்டில். உங்கள் வீட்டில் எல்லோரும் சுகமாக இருக்க துஆ செய்கிறேன்.

உங்கள் கடைசிக் கடிதம் அவள் தலையணைக்கு அடியில் இருக்கிறது. பதில் எழுத உட்காருகிறாள், கிழித்துப் போடுகிறாள். வீட்டில் சொல்லக்கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கியிருக்கிறாள். அதை உடைத்துவிட்டுத்தான் எழுதுகிறேன்.

மண்டலப் போட்டி அரையிறுதியில் துள்ளி இறங்கும்போது அவளுடைய வலது முட்டியில் சத்தம் கேட்டது. எனக்கே கேட்டது. சாயந்திரம் முட்டி தேங்காய் மாதிரி வீங்கிவிட்டது. சசிதரன் சாரிடம் போய், "சார், கால் நிக்க மாட்டேங்குது, நாளைக்கு ஆட முடியாது" என்று சொன்னாள். அப்போது நான், இசக்கி, கோகிலவாணி, சங்கவி நாலு பேரும் பக்கத்தில் நின்றோம். சார், "சுளுக்குத்தான், ஃபைனல்ல நீ இல்லைன்னா யாரு பந்து கொண்டுபோறது" என்றார். மறுநாள் காலையில் மருந்துக்கடையிலிருந்து ஓர் ஆளைக் கூட்டிவந்து வலி தெரியாமலிருக்க ஊசி போடவைத்தார். ஆடினாள். ஜெயித்தோம். கடைசியில் அவளை நாங்கள் தூக்கிக்கொண்டு வந்தோம்.

மூன்று வாரம் கழித்து, வீக்கம் குறைந்துவிட்டது, ஓடு என்றார் சார். ஓடினாள், விழுந்தாள். அதற்குப் பிறகுதான் ஸ்கேன் எடுத்தார்கள். தசைநார் அறுந்திருக்கிறதாம். அதோடு ஆடியதால் உள்ளே இருக்கிற ஜவ்வும் கிழிந்துவிட்டதாம். இப்போது சார் எல்லோரிடமும், அவள் வலியை மறைத்துவிட்டாள், என்னிடம் சொல்லவேயில்லை என்கிறார். அவள் இடத்தில் ராஜகுமாரி ஆடுகிறாள். பாவம், அவள் மேல் தப்பில்லை.

அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு குளிக்கப் போகிறாள், அண்ணா. நீங்கள் வர வேண்டும்.

இப்படிக்கு
ஃபிசா


வெலிங்டன்
5 ஜனவரி 2026

அன்புத் தாரிணி,

நேற்று உன்னை வராந்தாவில் உட்காரவைத்துவிட்டு உள்ளே போனேனே, அங்கே நடந்ததை உன்னிடம் சொல்ல முடியவில்லை. பஸ்ஸைப் பிடிக்க வேண்டியிருந்தது என்று சொன்னேன். உண்மையில் உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

அந்தக் கோச்சின் சட்டையைப் பிடிப்பது என்றுதான் போனேன். அவர் எழுந்து நாற்காலி போட்டார், டீ வரவழைத்தார். "ஏனுங்க தம்பி, நானும் பொம்பளப் புள்ளைக்கு அப்பன்தானுங்க. உங்க தங்கச்சி எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் எறக்கியிருப்பனுங்களா?" என்றார். நாலு பேர் கேட்டார்களே என்றேன். "சின்னப் புள்ளைங்க, சிநேகிதத்துல சொல்லுமுங்க" என்றார். ஊசியைப் பற்றிக் கேட்டேன். அது சத்து ஊசி என்றார். சிரித்துக்கொண்டே சொன்னார், தாரிணி. நான் அவர் கொடுத்த டீயைக் குடித்து முடித்தேன்.

பிறகு ஒரு தாளை எடுத்து நகர்த்தினார். காயத்தை மறைத்து என் விருப்பத்தின் பேரில் ஆடினேன் என்று நீ எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். போட்டால், கோயம்புத்தூரில் பெரிய தனியார் ஆஸ்பத்திரியில் அடுத்த வாரமே அறுவைசிகிச்சை, எல்லாம் அறக்கட்டளை பார்த்துக்கொள்ளும். போடாவிட்டால், ஆட முடியாத பெண்ணை வைத்திருக்க விதியில் இடமில்லை, மாதக் கடைசிக்குள் படுக்கையைக் காலி செய்ய வேண்டும்.

ராத்திரியெல்லாம் யோசித்தேன். அந்தத் தாளை இதோடு வைத்திருக்கிறேன், நீ போட்டுவிடு. இன்று காலை இங்கே ராணுவ ஆஸ்பத்திரி எம்.ஐ. ரூமில் எனக்குத் தெரிந்த டாக்டரிடம் உன் ஸ்கேனைக் காட்டினேன். தள்ளிப்போட்டால் ஜவ்வு இன்னும் நைந்துவிடும், பிறகு படி ஏறுவதே கஷ்டம் என்கிறார். பொய் என்று உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். அந்தத் தாளில் என்ன இருந்தால் நமக்கென்ன? கால் முக்கியம். நாம் சண்டை போட்டு ஜெயிக்கிற இடம் இல்லை அது.

அம்மாவிடம் நான் இன்னும் ஒன்றும் சொல்லவில்லை.

அண்ணன்


வெண்முகில் விடுதி
11 ஜனவரி 2026

அண்ணாவுக்கு,

நலம் விசாரிக்க எனக்கு மனம் வரவில்லை. நீங்கள் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கேட்க ஆள் இல்லை என்ற நினைப்பை மாற்றிவிட்டுத்தான் திரும்புவேன் என்று எழுதியது நீங்கள்தானே? அவர் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு அவருடைய தாளை எனக்கு அனுப்பியிருக்கிறீர்கள்.

நான் சொன்னேன், அண்ணா. வாயைத் திறந்து சொன்னேன். சத்தமாகச் சொன்னேன். வலியை மறைத்துக்கொண்டு ஆட வேண்டும் என்று எனக்கு ஆசையே இல்லை. பயமாக இருந்தது. கால் எனக்குச் சொந்தமில்லாத மாதிரி ஆடியது. முடியாது என்று ஒரு பெண் சொன்ன பிறகு அவளைப் பிடித்து உட்காரவைத்து ஊசி போட்டார்கள். அந்த மருந்துக்கடை ஆள் என் முட்டியைத் துடைக்கக்கூட இல்லை. அதற்குப் பிறகு நான் சொல்லவேயில்லை என்று நானே எழுதிக்கொடுக்க வேண்டும். அப்படி எழுதினால் கால் போனதும் என் தப்பு, ஃபிசாவும் இசக்கியும் பொய்க்காரிகள். அடுத்த வருடம் வேறொருத்தி முடியாது என்பாள். அவளுக்கும் இதே தாள்.

நமக்கென்ன என்று எழுதினீர்கள். நம் வீட்டில் வேலைக்குப் போர்த்தும் கம்பளியை உதறிவிட்டு, எஸ்டேட் கங்காணியை எதிர்த்துப் பேசியவர்கள் இருந்தார்கள் என்று அப்பாவிடம் கதை கேட்டு வளர்ந்தவர்தான் நீங்கள். எனக்கு அந்தக் கதையெல்லாம் தேவையில்லை. சொன்னதைச் சொன்னேன் என்று என்னோடு சேர்ந்து சொல்லியிருந்தால் போதும்.

நான் கையெழுத்துப் போட மாட்டேன். நொண்டிக்கொண்டே இருந்துவிட்டுப் போகிறேன். பொங்கலுக்கு மறுநாள் அப்பாவை வந்து கூட்டிப்போகச் சொல்லி நானே அம்மாவிடம் போனில் சொல்லிவிட்டேன். எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

தாரிணி


நெல்லியாளம்
8 பிப்ரவரி 2026

அண்ணாவுக்குத் தாரிணி எழுதுவது.

வீட்டில் எல்லோரும் சுகம். நீங்கள் போன் செய்தால் அம்மாவிடம் பேசிவிட்டு வைத்துவிடுகிறீர்கள். பொங்கலுக்கும் வரவில்லை. என் கடிதத்துக்கு ஒரு மாதமாகப் பதிலும் இல்லை. கோபமாக இருந்தால் இருங்கள். ஆனால் இதை யாரிடமாவது சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது. கூடைப்பந்து தெரிந்தவர் நம் வீட்டில் நீங்கள் ஒருவர்தான்.

போன வாரம் மாநிலப் போட்டி. எங்கள் டீமுக்கு முதல் ஆட்டம். ஃபிசா எல்லாவற்றையும் போனில் சொன்னாள்.

ஆட்டம் தொடங்கும் நேரம். சசிதரன் சார் ஐந்து பெயரை வாசித்தார். ராஜகுமாரி, கோகிலவாணி, சங்கவி, இசக்கி, ஃபிசா. யாரும் எழவில்லை. சார் இன்னொரு தடவை வாசித்தார். இசக்கி பெஞ்சில் உட்கார்ந்தபடியே, "தாரிணி ஒங்ககிட்ட சொன்னான்னு ரெஃப்ரீ முன்னால சொல்லுங்க சார், எந்திரிக்கோம்" என்றாளாம். சார் வேறு ஐந்து பேரைக் கூப்பிட்டார். அவர்களும் எழவில்லை. மிச்சம் இருந்த இரண்டு பேரும் ஷூ கயிற்றை அவிழ்த்துவிட்டார்கள். பன்னிரண்டு பேர். ஐந்து பேர் நிற்காவிட்டால் ஆட்டம் தொடங்காது என்பது உங்களுக்குத் தெரியும். நடுவர் வந்து கேட்டார், காத்திருந்தார், கடிகாரத்தைப் பார்த்தார். எதிர் டீம் நடுவட்டத்தில் நின்றுகொண்டே இருந்தது. கடைசியில் ஆடாமலேயே தோற்றதாக எழுதிவிட்டார்கள்.

என் இடத்துக்கு வந்த ராஜகுமாரிக்கு அதுதான் மாநில அளவில் முதல் ஆட்டம். அவள் அம்மாவும் அப்பாவும் சத்தியமங்கலத்திலிருந்து பஸ் ஏறி வந்து மேலே படியில் உட்கார்ந்திருந்தார்கள். பெயரைக் கூப்பிட்டதும் அவள் அப்பா எழுந்து நின்று கை தட்டினாராம். அவள் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்தே இருந்தாளாம்.

இதை நான் கேட்கவில்லை. சத்தியமாகக் கேட்கவில்லை. தெரிந்திருந்தால் வேண்டாம் என்று கத்தியிருப்பேன். அந்தச் சான்றிதழ் இல்லாமல் அவர்களுக்குக் கல்லூரியில் இடம் கிடைக்காது. எனக்குக் கால் போனது போதாதா? இப்போது யார் மேல் கோபப்படுவது என்று தெரியாமல் வீட்டில் எல்லோரிடமும் எரிந்து விழுகிறேன். அம்மா கொழுந்து பறித்துவிட்டு வந்து எனக்குக் கால் நீவிவிடுகிறாள். அவளிடமும் எரிந்து விழுந்தேன்.

ஆடாமல் தோற்றதற்குப் போட்டிக் குழு எழுத்தில் விளக்கம் கேட்டிருக்கிறதாம். அறக்கட்டளை விசாரணை வைக்கப்போகிறதாம்.

தாரிணி


வெலிங்டன்
12 பிப்ரவரி 2026

தாரிணிக்கு,

உன் கடிதத்தை வேலை நடுவில் ஸ்டோரில் நின்றுகொண்டே படித்தேன். பிறகு எண்ணி முடித்த பெட்டிகளையே திரும்ப எண்ணிக்கொண்டிருந்தேன்.

கோபம் இல்லை. எழுதுவதற்குக் கையில் ஏதாவது இருக்கட்டும் என்று இருந்தேன். அப்பாவின் காப்பீட்டு அட்டையில் உன் பெயர் தப்பாக இருந்தது. அதைத் திருத்த ஊட்டிக்குப் போய்ப் போய் வந்தேன். இப்போது சரி. கோயம்புத்தூர் அரசு ஆஸ்பத்திரியில் உன் ஸ்கேனைப் பார்த்தார்கள். அங்கே வரிசை நீளம். அந்த எலும்பு டாக்டர் அம்மா, "பொண்ணு விளையாடணுமா, நடந்தா போதுமா?" என்று கேட்டார். விளையாடணும் என்றேன். அறுவைசிகிச்சைக்கு 27ஆம் தேதி கொடுத்திருக்கிறார். 25ஆம் தேதி வந்து கூட்டிப்போகிறேன். லீவு சொல்லிவிட்டேன்.

இன்னொன்று. அன்று அவர் அறையில் என்ன பேசினார், எந்தத் தாளை நீட்டினார், ஊசியைப் பற்றி என்ன சொன்னார் என்பதையெல்லாம் எழுதி, என் பெயர் போட்டு அறக்கட்டளைச் செயலாளருக்குப் பதிவுத் தபாலில் அனுப்பிவிட்டேன். போட்டிக் குழுவுக்கும் ஒரு நகல். நான் டீ குடித்ததையும் எழுதியிருக்கிறேன்.

பழைய சட்டைகளை எடுத்துவை. ஆஸ்பத்திரியில் தளர்வாக இருக்க வேண்டுமாம்.

அண்ணன்


நெல்லியாளம்
22 மார்ச் 2026

அன்புள்ள அண்ணாவுக்கு,

தையல் பிரித்தாகிவிட்டது. ஊன்றுகோலோடு வாசல் வரை போகிறேன். அப்பாவுக்குப் பக்கத்து லைன் வீட்டுக்காரர்கள் எல்லோரிடமும் என் எக்ஸ்ரேயைக் காட்டுவதுதான் வேலை. மருந்து வேளைக்குச் சாப்பிடுகிறேன். லீவெல்லாம் என் ஆஸ்பத்திரியிலேயே தீர்ந்துவிட்டது, இனிமேலாவது ஒழுங்காகச் சாப்பிடுங்கள்.

புதன்கிழமை விசாரணைக்கு அப்பாவோடு ஜீப் பிடித்துப் போய்வந்தேன். முடிவு நேற்றுத் தபாலில் வந்தது. சசிதரன் சாரை நீக்கிவிட்டார்கள். ஆனால் எப்படி எழுதியிருக்கிறார்கள் தெரியுமா? "நிர்வாகக் காரணங்களுக்காக." ஊசி என்ற சொல்லே இல்லை. முட்டி என்ற சொல்லும் இல்லை. என் இடம் எனக்கு உண்டு, குணமாகும் வரை விடுதியிலேயே இருக்கலாம். நல்லது. அந்தப் பன்னிரண்டு பேருக்கும் மூன்று மாதம் எந்தப் போட்டியும் கிடையாது. அதற்குக் காரணம் மட்டும் பளிச்சென்று போட்டிருக்கிறார்கள்: "ஒழுங்கீனம்." ஊசி போடவைத்தவருக்கு நிர்வாகக் காரணம். உட்கார்ந்திருந்தவர்களுக்கு ஒழுங்கீனம். மூன்று மாதத்தைக்கூடத் தாங்கிக்கொள்கிறோம், அந்தச் சொல்லை எடுக்க வேண்டும் என்று மேல்முறையீடு எழுதுகிறோம். ஃபிசா வீட்டுக்குத் தெரிந்த கூடலூர் வக்கீல் ஒருவர் பார்த்துக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்.

ஆனால் அண்ணா, நீங்கள் அங்கே இருந்திருக்க வேண்டும்.

பெரிய ஹால். மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் செயலாளர். உங்கள் கடிதத்தை வாசித்தார்கள். டீ வந்த இடத்தில் ஒருவர் சிரித்தார், மற்றவர்கள் சிரிக்கவில்லை. சசிதரன் சார் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைக் கேட்டார்கள். நின்றுகொண்டே சொன்னேன். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

பிறகு பெண்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டார்கள். செயலாளர் மோசமானவர் இல்லை. மெதுவாகத்தான் பேசினார். ராஜகுமாரியிடம், "உனக்குத்தானேம்மா அந்த இடம் கிடைச்சது, நீ ஏன் எந்திரிக்கல?" என்று கேட்டார். அவள், "எங்கிட்டயும் ஒரு நாள் அந்தத் தாள் வருமுங்க" என்று மட்டும் சொன்னாள். அழுதுவிடுவாள் என்று நினைத்தேன். அழவில்லை.

கடைசியாக இசக்கி. அவளுடைய ஆட்டத்தை அவர்களுக்கெல்லாம் தெரியும். இந்தியா அளவுக்குப் போவாள் என்று பேசுகிறார்கள். செயலாளர் பேனாவை மூடி வைத்துவிட்டு, "நீ பெரிய ஆளா வரவேண்டியவ. மன்னிப்புன்னு ஒரு வரி எழுதிக் குடு, உன்னை மட்டும் விட்டுடலாம். இன்னொருத்தி முட்டிக்காக உன் வாழ்க்கையை ஏம்மா கெடுத்துக்கிற?" என்றார்.

இசக்கி குனிந்து, தன் டிராக் பேண்ட்டை முழங்காலுக்கு மேல் சுருட்டிவிட்டு நிமிர்ந்தாள். பழைய காயத்தழும்பு நிறைய இருக்கும் அவளுக்கு.

"அவ முட்டி என்ன சார், ஏம் முட்டி என்ன. பாருங்க, ரெண்டும் ஒரே மாதிரிதான இருக்கு" என்றாள்.

இசக்கி பேண்ட்டை இறக்கிவிடாமலேயே நடந்து வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

அம்மா கூப்பிடுகிறாள். கால் மடக்கும் பயிற்சிக்கு நேரமாகிவிட்டது. இன்னும் பாதிகூட மடங்கவில்லை, ஆனால் நேற்றைவிட மடங்குகிறது.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தங்கள் தங்கை
தாரிணி